கட்டைவிரல் கம்பவுண்டர்

திருச்சி ஜில்லாவிலேயே அதிகம் பேர் காலைத் தொட்டவர் யார் என்று கேட்டால், நான் எந்தப் பக்திமானையும் சொல்ல மாட்டேன். ஸ்ரீரங்கம் தெற்குச் சித்திரை வீதியில் ஒரு டாக்டரிடம் வேலை பார்த்த கட்டைவிரல் கம்பவுண்டரைத்தான் சொல்வேன். இன்றைக்கு என் சிறுநீரகம் இரண்டும் ஒழுங்காக வேலை செய்கிறதென்றால், அது அந்த மனுஷர் போட்ட பிச்சை.

ஐம்பதுகளின் கடைசியில் ரத்தக்கொதிப்பு என்றால் தலை சுற்றும், கோபம் வரும், அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும். அது சத்தமில்லாமல் சிறுநீரகத்தை அரிக்கும் என்பது கம்பவுண்டருக்குத் தெரிந்திருந்தது. தெரிந்ததை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிற ஆளா அவர்? எதிரே யார் வந்தாலும் சட்டென்று குனிந்து, கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் ஓர் அமுக்கு. விரலை எடுத்தபிறகும் குழி நின்றால் உடம்பில் நீர் கோத்திருக்கிறது என்று அர்த்தம்.

ஸ்ரீரங்கத்தில் குனிந்து காலைத் தொட்டால் ஆசீர்வாதம்தானே கிடைக்கும்? கோயில் வாசலில் ஒரு பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு கையையும் தூக்கி, "தீர்க்காயுசா இருப்பா, பகவத் கிருபை பரிபூர்ணமா உண்டாகட்டும்" என்று ஆரம்பித்துவிட்டார்.

"அது இருக்கட்டும் ஸ்வாமி, காலை ஆட்டாதீங்க. காலம்பற ஒண்ணுக்குப் போனா சோப்புத் தண்ணி மாதிரி நுரைக்குதா?"

அதற்கப்புறம் பெரியவர் வேறு வீதி வழியாகத்தான் கோயிலுக்குப் போனார். ஒரு கல்யாணத்தில், முகூர்த்தத்துக்கு முன்னால் நடந்த பந்தியில் கம்பவுண்டர் மாப்பிள்ளையின் தகப்பனார் காலை அமுக்கி, "குழி விழுது! உப்பு ஆகாது!" என்று அவர் இலையிலிருந்த அப்பளத்தையே எடுத்துவிட்டார். சம்பந்தி சண்டை ஓய்வதற்குள் முகூர்த்தம் தப்பப் பார்த்தது.

அப்போது நான் பாலக்கரையில் ஒரு லாரி ஆபீஸில் குமாஸ்தா. வயது முப்பத்திரண்டு. வீட்டில் மனைவிக்கு ஏழாம் மாதம். எங்கள் மானேஜர் ஸ்ரீரங்கத்துக்காரர், ரத்தக்கொதிப்புக்காரர், வடுமாங்காய்க்கு உயிரை விடுகிறவர். மாதாமாதம் சிறுநீரைப் பரிசோதிக்க வேண்டும் என்று கம்பவுண்டரின் டாக்டர் சொல்லியிருந்தார். அதில் ஆல்புமின் என்கிற சத்து ஒழுகுவது தெரிந்தால் உப்புக்குத் தடை.

ஒரு நாள் மானேஜர் சின்னச் சீசா ஒன்றை என் மேஜைமேல் வைத்தார்.

"நீர் இளவட்டம். உமக்கென்ன கேடு? இதை ரொப்பிக் கொடும்."

"சார், தப்பில்லையா?"

"ஒரு வடுமாங்காய்க்காக இந்த உபகாரம் பண்ணப்படாதா ஓய்!"

மானேஜரிடம் மாட்டேன் என்று சொல்ல எனக்கு ஏது தைரியம்? ரொப்பினேன். அவர் பெயரை எழுதி ஒட்டிக் கொடுத்ததும் நானேதான்.

கம்பவுண்டர் அதைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி, ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சி, இரண்டு சொட்டு அமிலம் விட்டாராம். தெளிவாக இருக்க வேண்டியது வெந்த முட்டை வெள்ளைக்கரு மாதிரி வெளுத்துப் போயிற்று. நேரே மானேஜர் வீட்டுக்குப் போய் வடுமாங்காய் ஜாடியைத் தூக்கிவிட்டார். மானேஜர் இரண்டு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார். மூன்றாம் நாள் உப்பில்லாத ரசம் வாயில் பட்டதும், காலை அமுக்கிப் பார்க்க வந்திருந்த கம்பவுண்டரிடமே, "அது என்னோடது இல்லைய்யா! என் குமாஸ்தாவோடது!" என்று அலறிவிட்டார்.

கம்பவுண்டர் அவரைத் திட்டக்கூட நிற்கவில்லை. டவுன் பஸ் பிடித்து ஆபீஸுக்கு வந்தார். நான் தயிர்சாதமும் ஊறுகாயுமாக உட்கார்ந்திருந்தேன். நேரே என் மேஜைக்கு அடியில் புகுந்துவிட்டார்.

"ஏங்க! என்னங்க இது?"

ஓர் அமுக்கு. "குழி நிக்குது. காலம்பற மூஞ்சி வீங்குதா?"

"கொஞ்சம். நல்லாத் தூங்கினதாலன்னு நெனச்சேன்."

"நுரைக்குதா?"

"நாலஞ்சு மாசமா இருக்குங்க."

"சொல்லித் தொலைக்கக் கூடாதா?"

"இதையெல்லாம் யார்கிட்டங்க போய்ச் சொல்றது?"

"என்கிட்ட!" என்று மேஜைக்கு அடியிலிருந்து கத்தினார். ஆபீஸே எழுந்து நின்றுவிட்டது.

அப்படியே என்னை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனார். டாக்டர் என் கையில் பட்டையைக் கட்டிப் பார்த்தார். மானேஜரைவிட எனக்குத்தான் ரத்தக்கொதிப்பு அதிகம். "சிறுநீரகத்துல சேதம் ஆரம்பிச்சிருக்கு. இப்பவே வந்தது நல்லதாப் போச்சு. விட்டிருந்தா குழந்தைக்கு அப்பா இல்லாமப் போயிருக்கும்" என்றார். மாத்திரை, உப்பில்லாச் சாப்பாடு, வாராவாரம் கம்பவுண்டரிடம் ஒரு சீசா. அந்த மனுஷரை நான் மனசுக்குள் வையாத நாள் கிடையாது.

எட்டு மாதம் ஓடிற்று. ஒரு நாள் குழாயைக் காய்ச்சினார், வெளுக்கவில்லை. நம்பாமல் இன்னொரு குழாயில் காய்ச்சினார். அதுவும் தண்ணீராகத் தெளிந்து நின்றது. ஜன்னல் வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"என்னங்க, கண்ணு கலங்குது?"

"ஸ்பிரிட் ஆவி. வீட்டுக்குப் போங்க, குழந்தை தேடும்."

எனக்குக் கூடப்பிறந்த அண்ணன் கிடையாது. "போயிட்டு வரேன் அண்ணே" என்று அன்றைக்கு வாயில் வந்துவிட்டது. அப்புறம் கடைசிவரை அவரை வேறு பெயரால் கூப்பிட எனக்கு மனசு வரவில்லை.