மாமனார் ரயிலுக்கு எண்ணெய் விட்டவன்

எது ஓடாவிட்டாலும் எண்ணெய் விட்டால் ஓடிவிடும் என்று நம்பிய அறிவாளி நான். புதுச்சேரிக் கடல்காற்றில் பூட்டு, கேட்டு, ஸ்கூட்டர் ஸ்டாண்டு எல்லாம் துருப்பிடிக்கும். எண்ணெய்ப் புட்டி இல்லாத வீடே கிடையாது. (எங்கள் நெல்லித்தோப்பு வீட்டில் மூன்று.)

என் மாமனாரிடம் ஒரு குட்டி ரயில் இருந்தது. பொம்மை என்று சொன்னால் கோபம் வரும். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் குடிலைச் சுற்றித் தண்டவாளம் போட்டு, ஏழு பெட்டிகளோடு ஓட்டுவார். பெட்டிகளைக் கோக்கும் கொக்கிகள் கட்டெறும்பு அளவுதான். எல்லாம் ஒரே உயரத்தில், தொட்டால் ஆடும்படி இருக்கவேண்டும். எப்போதும் அவரே சரிசெய்வார். அந்த வருடம் பக்கவாதத்தில் வலது கை விழுந்துவிட்டது. ஜனவரியில் இதய ஆபரேஷனுக்குத் தேதி குறித்திருந்தார்கள். பிழைப்பாரா என்பதற்கு டாக்டர் உறுதி சொல்லவில்லை.

"ஏழு பெட்டியும் ஒரு ரவுண்டு முழுசா வந்தா போதும் மாப்ள, பாத்துட்டு ஆஸ்பத்திரிக்குப் போறேன்" என்றார். "இறுக்கமா இருந்தா பென்சில் முனைய சுரண்டி அந்தத் தூளப் போடுங்க. எண்ணெ மட்டும் வேணாம்."

"சரி மாமா" என்றேன். பென்சில் தூளாம்! மெக்கானிக்கல் டிப்ளமா படித்தவனிடம்! எல்லாக் கொக்கிகளுக்கும் தையல் மெஷின் எண்ணெயைத் தாராளமாக விட்டேன். அருமையாக ஆடின. எனக்கே என்மேல் பெருமை தாங்கவில்லை.

குடிலில் புல்தரைக்காகப் பச்சைச் சாயம் போட்ட மரத்தூள் பரப்பியிருந்தோம். இரண்டே நாளில் அது பறந்து எண்ணெயில் அப்பி இறுகிவிட்டது. நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கிறிஸ்துமஸ் மதியம் மாமாவை நாற்காலியோடு தூக்கிவந்தோம். இடது கையால் சுவிட்சைப் போட்டார். முதல் வளைவிலேயே எஞ்சின் கழன்று தனியாக ஓடியது. பெட்டிகள் நின்றுவிட்டன. மாட்டினேன், கழன்றது. ஆறு தடவை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மாமா ஒரு கொக்கியைத் தொட்டு முகர்ந்தார்.

"எண்ணெயா மாப்ள?"

"ஆமா மாமா."

"சரி விடுங்க, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

ஆபரேஷன் தேதிக்கு முன்பே போய்விட்டார்.

அடக்கத்தன்று சவ வண்டி கல்லறைக்குக் கிளம்பியது. பின்னால் நாங்கள் ஏறியிருந்த வேன் கிளம்பவில்லை. டிரைவர் சாவியைத் திருகித் திருகிப் பார்த்தார். சவ வண்டி மட்டும் தெருமுனை திரும்பி மறைந்தது. அழுதுகொண்டிருந்த மாமியார் மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"மாப்ள, இதுக்கும் நீங்கதான் எண்ணெ போட்டீங்களா?"

வேன் முழுக்கச் சிரிப்பு. அழுகையும்தான்.

இன்றும் எங்கள் குடும்பத்தில் எந்த வண்டி நின்றாலும் என்னிடம் அதே கேள்விதான். நானும் சேர்ந்து சிரிப்பேன். அவர் கேட்டது ஒரே ஒரு ரவுண்டுதான்.