கிரசினில் ஊறிய பிரேக்

அன்றைக்கு எனக்கு வேலை ஒன்றே ஒன்றுதான். முதலாளியின் பழைய சீமைக் காரில் பின் சக்கரத்து பிரேக் சிலிண்டர் ஒழுகியது. அதை நிறுத்த வேண்டும்.

நான் பட்டுக்கடை முதலாளிக்கு டிரைவர். மறுநாள் சாயந்திரம் அவர் மகளுக்கு மாப்பிள்ளை அழைப்பு. மாப்பிள்ளை ஊர்வலம் வரப்போவது இந்தக் காரில்தான்.

"நடுத்தெருவுல மானம் போச்சுன்னா, அதோட நீயும் போயிடு" என்றார் முதலாளி.

சிலிண்டரைக் கழற்றினேன். உள்ளே எண்ணெய் கசியாமல் அடைக்கிற ரப்பர் கப் தேய்ந்து போயிருந்தது. புதுசு வேண்டுமென்றால் மெட்ராஸ் போகணும்.

அப்போதுதானா வரவேண்டும் என் மச்சான் சபாபதி! பட்டுக்குச் சாயம் போடுகிறவன். எதையும் ஊறப்போட்டால் சரியாகும் என்று நம்புகிறவன்.

"இதுக்குப் போய் மெட்ராஸா? கிரசின்ல ஊறப்போடு மாமா. நூலே மெத்துனு ஆவுது, ரப்பர் ஆவாதா?"

நூலுக்கும் ரப்பருக்கும் என்ன உறவு என்று கேட்டிருக்கலாம். பெண் கொடுத்த வீட்டுக்காரன். மறுத்தால் எனக்குச் சோறு கிடைக்காது. ஊறப்போட்டேன்.

காலையில் கப் நன்றாகப் பருத்திருந்தது.

"பாத்தியா, புதுசாட்டம் உப்பிக்கினு இருக்குது!"

எனக்கும் வாயெல்லாம் பல். அமுக்கித் திணித்து மாட்டினேன். ஒரு சொட்டு ஒழுகவில்லை!

சாயந்திரம் மேளம் முன்னே போக, பின்னால் என் காரில் மாலையும் கழுத்துமாக மாப்பிள்ளை. சரியாகச் சபாபதி வீட்டு வாசலில் ஒரு மாடு குறுக்கே வந்தது. பிரேக்கை மிதித்தேன்.

கார் நின்றது. நின்றதுதான்!

காலை எடுத்தும் பிரேக் விடவில்லை. உப்பிய ரப்பர் சிலிண்டருக்குள் இறுகிக்கொண்டது. பத்துப் பேர் தள்ளினார்கள். ம்ஹூம்! மேளக்காரர்கள் திரும்பிப் பார்க்காமல் தெருமுனை தாண்டிவிட்டார்கள்.

மாப்பிள்ளையின் சித்தப்பா இறங்கினார். "எங்க பையனை நடக்க வச்சா கூட்டிக்கினு போவீங்க? இப்படியே ஊருக்குத் திரும்பிடுவோம்!"

முதலாளி முகம் அரக்கு பார்டர் நிறத்துக்கு வந்துவிட்டது.

சபாபதி ஓடிவந்தான், கையில் ஆரத்தித் தட்டோடு! "மாப்பிள்ளை நம்ம வாசல்ல ஒரு வாய் காபி குடிக்கணும்னு அம்மன் நெனச்சுட்டா, காரு எப்படிங்க நகரும்?"

சித்தப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டார். காபி வந்தது. குதிரை வண்டியும் வந்தது. மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே ஏறிப் போனார்.

முதலாளி சபாபதிக்கு அங்கேயே சரிகை வேட்டி போர்த்தினார். என் பக்கம் திரும்பினார். "சாவியை வை."

"மாமாவை வுட்டுடுங்க முதலாளி. பாவம், வெவரம் தெரியாத மனுசன்" என்றான் சபாபதி.

அவன் தயவில் வேலை தப்பியது. அது போயிருந்தால் அவனை எப்போதோ மன்னித்திருப்பேன்.