கதவில் ஒரு நூல்

"ஒரு நூல்தாங்க. இழைச்சா திறந்துடும்" என்றார் தச்சர்.

மழையில் உப்பிய கதவு இறுகிப்போய், சான்றிதழ் அலுவலர் காலையிலிருந்து உள்ளே மாட்டிக்கொண்டிருந்தார். நான் வெளியே மாட்டிக்கொண்டிருந்தேன். பத்தாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். லேத் பட்டறையில் வேலை தயார். நாலு மணிக்குள் வயதுச் சான்றிதழைக் காட்டாவிட்டால் அந்த இடம் முதலாளியின் மச்சானுக்கு. சான்றிதழுக்கு, உள்ளே இருப்பவரின் கையெழுத்து வேண்டும்.

தலைமை எழுத்தர் தச்சரைத் தடுத்தார். அலுவலகக் கதவை அனுமதியின்றி இழைக்கக் கூடாதாம். 'மேற்படி கதவில் ஒரு நூல் கூடுதலாக உள்ளது. அதை நீக்க அனுமதிக்குமாறு பணிந்து வேண்டுகிறேன்' என்று எழுதி, கதவுக்கு அடியில் தள்ளினார். இரண்டே நிமிடத்தில் பதில் வந்தது: 'கூடுதல் நூலை நூலகத்தில் ஒப்படைக்கவும்.'

நூலகர் தள்ளுவண்டியோடு வந்தார்.

"நூலோட ஆசிரியர் யாரு?"

"மழைங்க" என்றார் தச்சர்.

"புனைபெயரா?"

"ஐயா, நூல்னா அளவு. அங்குலத்துல எட்டுல ஒரு பங்கு."

"அப்ப சுருக்கப் பதிப்பு" என்று குறித்துக்கொண்டார் நூலகர்.

'இது படிக்கும் நூல் அல்ல' என்று திருத்திய கடிதம் உள்ளே போனது. 'எனில் துணிநூல் பிரிவுக்கு அனுப்புக' என்று வெளியே வந்தது. அந்தப் பிரிவிலிருந்து ஒரு அம்மா வந்து, வெள்ளை நூல்கண்டு ஒன்றைக் கொடுத்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்.

மூன்றாவது கடிதத்தை மில்லிமீட்டரில் எழுதலாம் என்று முடிவானது.

"எத்தனை?" என்றார் தலைமை எழுத்தர்.

"மூணுக்குக் கொஞ்சம் மேல" என்றார் தச்சர்.

"கொஞ்சம்னு எழுத முடியுமாய்யா?"

"மூணு புள்ளி ஒண்ணு ஏழு அஞ்சு சார்" என்றேன் நான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"புள்ளிக்கு அப்புறம் மூணு இலக்கம் வந்தா குழு போடணும்."

போட்டார்கள். நூலகர்தான் தலைவர்.

இதற்குள் வரிசையில் நின்றவர்கள் தங்கள் தாள்களையும் கதவுக்கு அடியில் தள்ள ஆரம்பித்திருந்தார்கள். தேநீருக்கு எழுந்து போக வழியில்லாத அலுவலர், மடமடவென்று கையெழுத்துப் போட்டு வெளியே தள்ளினார். மூன்று வருடமாக நடையாய் நடந்த பெரியவருக்கு மூன்று நிமிடத்தில் வேலை முடிந்தது. அவர் நம்பாமல் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

என்னுடையது மட்டும் போகவில்லை. பதினாறு இணைப்புகளை அட்டை போட்டுத் தைத்த கட்டு. கதவுக்கு அடியில் இடைவெளி ஒரு நூல், என் கட்டு இரண்டு நூல்.

"பிரிச்சுத் தள்ளட்டுமா சார்?"

"பிரிச்சா செல்லாது."

"அப்ப கதவைத் தொறங்க."

"குழு அறிக்கை வரட்டும் தம்பி."

மணி மூன்றே முக்கால். ஓங்கி ஒரு உதை விட்டேன். கதவு திறந்தது. அலுவலர் என்னைத் தாண்டி நேராகத் தேநீர்க் கடைக்குப் போனார். திரும்பி வந்து அவர் கையெழுத்துப் போடும்போது நாலரை. பட்டறையில் மச்சான் உட்கார்ந்துவிட்டார்.

"நல்லா நடந்துட்டிருந்த ஆபீஸைக் கெடுத்துட்டியேடா" என்று வரிசை என்னைப் பிடித்துக்கொண்டது. அங்கேயே மனு எழுதினார்கள். குழு அதை ஆழ்ந்து பரிசீலித்து, பொதுமக்கள் நலன் கருதி அந்த ஒரு நூல் அப்படியே பராமரிக்கப்பட வேண்டும் என்று பரிந்துரைத்தது. முன் அனுபவம் உள்ளவன் என்பதால் தற்காலிகக் கதவு உதைப்பாளராக என்னையே நியமித்தது. வயதுச் சான்றிதழை யாரும் கேட்கவில்லை.

உத்தரவு தெளிவானது. காலை பத்துக்கு அலுவலர் உள்ளே போனதும் கதவை இழுத்து இறுக்க வேண்டும். மாலை ஐந்துக்கு உதைத்துத் திறக்க வேண்டும். பணி நேரம்: பத்து முதல் ஐந்து வரை.

முதல் நாள் மாலை உள்ளேயிருந்து தட்டும் சத்தம்.

"தம்பி, மணி அஞ்சு. உதைப்பா."

"அதான் சார், அஞ்சாயிடுச்சே" என்று பையை மாட்டிக்கொண்டேன். "நாளைக்கு வாங்க."