நங்கூரம் போட்ட பிக்கப்

என் பிக்கப் ஏரியில் மூழ்கியது என்று சொல்கிறவர்களோடு எனக்குப் பேச்சுவார்த்தை கிடையாது. மூழ்கவில்லை. தண்ணீர் ஏறியது, வண்டி ஏறவில்லை. நடந்தது இவ்வளவுதான். பழவேற்காட்டில் இதை ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்லித் திரிகிறார்கள். சரியான விதத்தில் நானே எழுதிவைத்துவிடுகிறேன்.

அப்போதே அது கிழட்டு வண்டி. விடிந்தால் எங்கள் குப்பத்து மீனை ஐஸ் போட்டு பொன்னேரி மார்க்கெட்டுக்குக் கொண்டுபோவது அதன் பிழைப்பு. என் பிழைப்பும் அதுதான். இடப்பக்கக் கதவை உள்ளேயிருந்து திறக்க முடியாது. ஹாரன் அடித்தால் வைப்பர் ஆடும். ஆனாலும் வீட்டில் நான் கூப்பிட்டதும் கிளம்பிய ஒரே ஜீவன் அது. (செல்வி இதைப் படிப்பாள். படிக்கட்டும்.)

செல்வி என் மனைவி, காட்டூர்க்காரி. நெல் விளைவிக்கிற குடும்பத்தில் பிறந்தவளுக்கு மீன் வண்டியைக் கண்டாலே ஆகாது. மகள் தேன்மொழி பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் இன்னும் மோசம். அந்த வண்டியில் போய் இறங்கினால் பக்கத்துப் பிள்ளைகள் மூக்கைப் பொத்துகிறார்களாம். பொங்கலுக்குள் வண்டி காயலாங்கடைக்குப் போயாக வேண்டும் என்று செல்வி தீர்ப்பே எழுதிவிட்டாள்.

அந்த நேரம் பார்த்து, டச்சுக்காரர்களின் கல்லறையைப் பார்க்க மெட்ராஸிலிருந்து ஒரு குடும்பம் வந்து இறங்கியது. ஜீப் மாதிரி வண்டி. கூரைமேல் கூடாரம், பின்னால் அடுப்பு, பக்கத்தில் மடக்கு நாற்காலி. தேன்மொழி கண்கொட்டாமல் பார்த்தாள்.

"நைனா, நம்ம வண்டில இந்த மாரி தங்க முடியாதா?"

"இதுல இன்னாம்மா கீது? இதவிட சூப்பரா பண்லாம்."

செல்வி சிரித்தாள். நல்ல சிரிப்பு இல்லை. "பண்ணு பாக்கலாம். ஒரு ராத்திரி எங்கள வெளிய தங்கவச்சி இட்டுனு வா. நாத்தம் வரக்கூடாது, வண்டி நடுவுல நிக்கக்கூடாது. அப்பால அத விக்கச் சொல்லி நான் வாயே தொறக்க மாட்டேன். இல்லன்னா சாவிய எங்கிட்ட குட்த்துரு."

வண்டியின் உயிர் என் கையில். விடுவேனா?

செல்போனில் வீடியோ பார்த்தேன். வெளிநாட்டில் இதற்கென்றே சாமான் விற்கிறார்கள். கடலோரத்தில் இருக்கிறவனுக்கு அதெல்லாம் எதற்கு? படுக்கைக்கு உடைந்த ஃபைபர் படகின் பலகை. சாப்பாட்டுக்கு ஐஸ் பெட்டி, சமைக்க அடுப்பும் சட்டியும். கூரைக்கு நாலு மூங்கில், ஒரு நீலத் தார்ப்பாய். சேற்றில் மாட்டினால் வண்டியைத் தானே இழுத்துக்கொள்ள அவர்கள் முன்பக்கம் இரும்புக் கயிறு சுற்றிய மிஷின் மாட்டியிருந்தார்கள். நான் அந்த இடத்தில் நங்கூரம் மாட்டினேன். அதைவிடக் கம்பீரமாகவே இருந்தது.

கொசுவுக்குத்தான் என் மூளை முழுவீச்சில் வேலை செய்தது. பழைய இறால் வலைகளை இரண்டு மடிப்பாக, கூரையிலிருந்து தரைவரை வண்டியைச் சுற்றித் தொங்கவிட்டேன். காற்றில் பறக்காமலிருக்க அடியில் ஈயக்குண்டுகளை அப்படியே விட்டேன். நாற்றத்துக்குப் புளி, எலுமிச்சை, சோப்புத்தூள், கடைசியாகச் சாம்பிராணி. முடிவில் வண்டி, சாம்பிராணி போட்ட கருவாடு மாதிரி மணத்தது. மணத்ததா இல்லையா?

ஒரு சனிக்கிழமை காலையில் கிளம்பினோம். ரோட்டில் போய்த் தங்க நான் என்ன லாரி டிரைவரா? ஏரி வற்றிக் கிடந்த பக்கமாக இறக்கி, பசியாவரம் தீவுக்கு எதிரே உள்ள திட்டுக்கு ஓட்டினேன். தூரத்தில் பூநாரைகள் நின்றன. தேன்மொழி கைதட்டினாள். செல்வியின் முகம்கூடக் கொஞ்சம் இளகியது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே ஓட்டியதில், முன்னால் தரை நிறம் மாறியதைக் கவனிக்கவில்லை. மேலே காய்ந்த பொருக்கு, கீழே உளைச் சேறு. நாலு சக்கரமும் பாதிவரை இறங்கிவிட்டது. ஆக்ஸிலேட்டரை மிதித்தேன். மீதிப் பாதியும் இறங்கியது.

"எங்கண்ணனுக்கு போன் போடு. டிராக்டர் எட்த்துனு வரும்" என்றாள் செல்வி.

அவள் அண்ணன் ஏகாம்பரம் வந்தால் இழுத்துவிடுவார்தான். ஆனால் காட்டூர் முழுக்க அதைச் சொல்லி முடிக்க அவருக்கு ஆயுள் போதாது.

"அதெல்லாம் வாணாம். தண்ணி ஏறட்டும்."

"இன்னாது?"

"முகத்துவாரத்துல தண்ணி ஏறுற நேரம் வரும்ல? ஏறுனா தானா கெளம்பிரும்."

நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எங்கள் பரம்பரையில் எது தரைதட்டினாலும் செய்கிற காரியம் அதுதான். தள்ளமாட்டோம், கத்தமாட்டோம். ஒரு பீடி பற்றவைத்து உட்காருவோம். தண்ணீர் வந்து தூக்கிவிடும். ஒருநாளும் அது எங்களை ஏமாற்றியதில்லை.

"நைனா, இது படகா?" என்றாள் தேன்மொழி.

"எல்லாம் ஒண்ணுதாம்மா."

மதியத்துக்குமேல் தண்ணீர் வந்தது. மெல்லிசாக, நுரைகட்டி, சக்கரத்தைத் தொட்டது. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. "பாத்தியா! வருது பாரு!" என்று குதித்து இறங்கினேன். முன்னால் போய் நங்கூரத்தை அவிழ்த்து, முழு பலத்தோடு தூரமாக வீசினேன்.

"அது இன்னாத்துக்குயா?"

"மெதந்துச்சின்னா வண்டி பசியாவரம் பக்கம் போய்டும்ல?"

செல்வி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. விசேஷ நாட்களில் வெளியே எடுப்பாள்.

தண்ணீர் படிக்கு வந்தது. அப்புறம் சீட்டுக்கு வந்தது. பின்பக்கம் ஏறி, பலகைக்கு மேல் மூன்று பேரும் நின்றோம். வண்டி இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. மொத்தத்தில் மிதந்தது ஒன்றே ஒன்று: ஐஸ் பெட்டி. உள்ளே புளிச்சோறு, முட்டை, அப்பளம். அது நிதானமாகப் பசியாவரம் நோக்கிப் போனது. அதற்கு நான் நங்கூரம் போடவில்லை.

செல்வி இதற்குள் அண்ணனுக்குப் போன் போட்டுவிட்டாள். ஆனால் முதலில் வந்தது டிராக்டர் இல்லை, படகு. எங்கள் குப்பத்துக் கோதண்டம் அண்ணன் கோபமாக நின்றுகொண்டே வந்தார்.

"யோவ்! இன்னிக்கி இங்க எங்க பாடு. உன்ன யாருய்யா வல கட்டச் சொன்னது?"

எங்கள் ஏரியில் யார், எந்த நாள், எந்த இடத்தில் வலை கட்டலாம் என்பதற்கு முறை உண்டு. கோயிலில் ஊர் கூடிச் சீட்டுப் போட்டு எடுப்பது. அதைத்தான் பாடு என்போம். அடுத்தவன் பாட்டில் கைவைத்தால் ஊர் நடுவில் நின்று பதில் சொல்ல வேண்டும்.

"அண்ணே, இது கொசு வல."

"ஈயக்குண்டு கட்டி எவன்யா கொசு புடிப்பான்?"

நான் வானத்தில் கொசுவைத் தேடினேன்.

திட்டிக்கொண்டேதான் என்றாலும் செல்வியையும் தேன்மொழியையும் தன் படகில் ஏற்றி உட்காரவைத்தார். நான் வண்டியைவிட்டு இறங்க மாட்டேன் என்று நின்றேன். விளக்கு வைக்கிற நேரத்துக்குத் தண்ணீர் வடிந்தது. அப்போதுதான் தேன்மொழி கத்தினாள்.

"நைனா, வண்டிக்கு உள்ள மீனு!"

வலைக்குள் மடவை துள்ளியது. இறால் குதித்தது. ஒரு நண்டு பிரேக்கின்மேல் உட்கார்ந்திருந்தது. கோதண்டம் அண்ணன் என்னைப் பார்த்தார்.

"கொசு பெருசா கீதேப்பா."

"இது என் வண்டி புடிச்சது" என்றேன்.

"எங்க பாட்ல புடிச்சது."

சண்டை கைகலப்பாக மாற இருந்த நேரத்தில் செல்வி படகிலிருந்து இறங்கி நடுவில் வந்தாள். "மீனு அவங்களுது. அடுப்பும் சட்டியும் நம்முது. பசிக்குது. இங்கியே ஆக்கித் துன்லாம். எவனாச்சும் பேசுனீங்க..."

கோதண்டம் அண்ணன் மீனை அள்ள ஆரம்பித்தார். ஏகாம்பரம் மச்சானும் டிராக்டரோடு வந்துசேர்ந்தார். நீளக் கயிறு கட்டி வண்டியை மேட்டுக்கு இழுத்தார். (நங்கூரத்தை எடுக்க மறந்ததால் முதல் இழுப்பில் கயிறு அறுந்தது. அந்த நங்கூரம் நல்ல நங்கூரம் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?) மேட்டிலேயே குழம்பு கொதித்தது. சாப்பிட்டு, ஈரப் பலகைமேல் தார்ப்பாயை விரித்துப் படுத்தோம். தேன்மொழி சிரித்துக்கொண்டே தூங்கிப்போனாள்.

காலையில் மச்சான் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "மாப்ள, காயலாங்கடக்காரன் நமக்குத் தெரிஞ்சவன்தான். வரச் சொல்லட்டா?"

நான் சாவியை எடுத்துச் செல்வியிடம் நீட்டினேன். சொன்ன சொல் சொல்தான்.

அவள் சாவியை வாங்கினாள். இடுப்பில் செருகினாள். அண்ணனைப் பார்த்துத் திரும்பினாள்.

"எதுக்கு விக்கணும்? இத்தினி ஆம்பளைங்க வலயத் தூக்கினு போய் வெறுங்கையோட வரானுங்க. இது நின்ன எடத்துல புட்ச்சி சோறு போட்டுது."

மெக்கானிக் என்ஜினைக் கழற்றிக் கழுவினார். வண்டி இன்றும் பொன்னேரிக்குப் போகிறது. கோயிலில் பாட்டுக்குச் சீட்டுப் போடும்போதெல்லாம், கடைசியில் எவனாவது "வண்டிக்கும் ஒரு சீட்டு எழுதுங்கப்பா" என்று கத்துவான். ஊரே சிரிக்கும். எழுதுங்கள் என்றுதான் நானும் எழுந்து நின்று சொல்கிறேன்.

நங்கூரத்தையும் நான் கழற்றவில்லை. மார்க்கெட்டில் யாராவது அதைக் காட்டி, எதற்கு என்று கேட்டால், நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்து சீட்டிலிருந்து செல்வி சொல்லிவிடுவாள்:

"மெதந்து போய்டும்ல?"