முக்காலியில் கட்டிய குதிரை

சோன்கோல் ஏரி மேய்ச்சல் மேடு

மாப்பிள்ளை எர்மெக் அவர்களுக்கு மாமனார் கெங்கெஷ் எழுதுவது. இங்கு நானும் உங்கள் அத்தையும் குதிரைகளும் ஆடுகளும் நலம். அங்கு உங்கள் முறிந்த காலும், அதற்குப் பணிவிடை செய்யும் என் மகள் ஜிபாரும் நலமாயிருக்க வேண்டுகிறோம்.

நிற்க. எழுபது வருடத்துக்கு ஒருமுறை வரும் வால்நட்சத்திரம், நகரத்து வெளிச்சத்தில் தெரியவில்லை, கட்டிலை விட்டு எழவும் முடியவில்லை, நீங்களாவது படம் பிடித்து அனுப்புங்கள் என்று கேமராவையும் முக்காலியையும் கொடுத்தனுப்பினீர்கள். பெண்ணையே கொடுத்தவன் இதற்கு மாட்டேன் என்றா சொல்வேன்? நேற்று இரவு கூடாரத்து வாசலில் முக்காலியை ஊன்றி, நீங்கள் சொன்னபடி பொத்தானை அமுக்கிவிட்டு, படம் பதிந்து முடியும்வரை எதுவும் ஆடக்கூடாதே என்று மூச்சுகூட விடாமல் நின்றேன். அந்த நேரம் பார்த்துப் பக்கத்துக் கூடாரத்து சபிர்பெக் குதிரையில் வந்து இறங்கினார். வந்தவரைக் குமிஸ் கொடுக்காமல் அனுப்பினால் மேடே சிரிக்கும். கிண்ணம் எடுக்க நான் முன்னால் உள்ளே போனேன், அவர் பின்னால் வந்து உட்கார்ந்து, புளித்த குதிரைப்பாலை மூன்று கிண்ணம் குடித்துவிட்டு மாப்பிள்ளை கால் எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். எனக்கோ மனசு வெளியே இருந்தது. திடீரென்று சந்தேகம் தட்டியது.

"குதிரைய எங்க கட்டினீங்க?"

"அதான் வாசல்ல புதுசா கட்டுத்தறி நட்டிருக்கீங்களே. மூணு காலு, நல்ல வேலைப்பாடு."

ஓடிப்போய்ப் பார்த்தால் குதிரை முக்காலியை இழுத்துக்கொண்டு நிம்மதியாக மேய்கிறது. நான் துரத்த, அது பந்தயம் என்று நினைத்து ஓட, ஏரிக்கரை வரை போனோம். மரமே இல்லாத இந்த மேட்டில் நட்டுவைத்த எதிலும் குதிரையைக் கட்டுவோம் என்று உங்கள் முக்காலிக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. இப்போது அதற்கும் உங்களைப்போல ஒரு கால் போச்சு. லென்ஸில் விரிசல். படத்தில் கோழி கிளறினதுபோலக் கோடுகளும், ஒரு குதிரைக் காதும் இருக்கின்றன.

ஆகவே படம் கிடையாது. அடுத்த முறை அது வரும்போது நீங்களே பிடித்துக்கொள்ளுங்கள். வானத்தில் ஒரு வெள்ளைத் தீற்றல், அவ்வளவுதான், பார்க்காததால் உங்களுக்கு ஒன்றும் குறைந்துவிடாது. இனி வால், நட்சத்திரம் என்று எதுவும் என் காதில் விழக்கூடாது.

உங்கள் வீட்டுப் புகைபோக்கி என்றும் புகையட்டும், விருந்தாளிகள் குறையாதிருக்கட்டும்.

கெங்கெஷ்

பி.கு.: இன்று இரவு உறையை ஒட்டப்போனவன் ஒரு முறை வெளியே எட்டிப் பார்த்தேன். உங்கள் அத்தையும் சபிர்பெக்கும் வால்நட்சத்திரத்தையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். பார்க்காததால் ஒன்றும் குறையாது என்று மேலே எழுதியது பொய், மாப்பிள்ளை. இவ்வளவு அழகை நாங்கள் மட்டும் பார்ப்பது நெஞ்சுக்கு ஆகவில்லை. கடிதம் கொண்டுவரும் லாரியின் பின்னால் மெத்தை விரித்திருக்கிறேன். படித்து முடித்ததும் காலைப் பத்திரமாகத் தூக்கி வைத்து ஏறிப் படுங்கள், அதுவரை லாரிக்காரர் உங்கள் வாசலை விட்டு நகரமாட்டார்.