ஈரமில்லாத தரை

"யாருங்க இப்பத் தரையைத் துடைச்சது?"

"துடைக்கவே இல்லங்கிறேன்..."

"அப்ப நான் எப்படி விழுந்தேன்? காத்துல வழுக்கிச்சா?"

"கையை வச்சுத்தான் பாரேன்! காய்ஞ்சு கிடக்கு!"

விழுந்த இடத்தில் உட்கார்ந்தபடியே அவள் தடவிப் பார்த்தாள். துளி ஈரமில்லை. ஆனால் யாரோ இப்போதுதான் எழுந்து போன இடம்போல லேசான சூடு.

கீழ்வீட்டுப் பெரியவர் வழக்கம்போலத் தன் தலைக்கு மேலிருந்த தளத்தைக் கம்பால் இடித்தார்.

அவளுக்கு மருந்து அட்டைகளில் அச்சுப் பிழை பார்க்கும் வேலை. மருந்தளவில் ஒரு புள்ளி இடம் மாறினால் ஓர் உயிர் போய்விடும். நாளெல்லாம் புள்ளிகளைத் துரத்திவிட்டு வீடு திரும்பினால், சமையலறை வாசலில், அதே இடத்தில், தடால்!

கணவன் மிதியடி போட்டான். அது தடுக்கி விழுந்தாள். மிதியடியை எடுத்துவிட்டுப் பளிச்சென்று விளக்குப் போட்டான். விளக்கை அண்ணாந்து பார்த்தபடி விழுந்தாள். கடைசியில் தானே அங்கு நின்று கையைப் பிடித்துக்கொண்டான். மேலே இரண்டு தடால். கீழிருந்து இரண்டு இடி.

"தரை மேல தப்பில்லம்மா," என்றார் டாக்டர். "மூளை களைச்சுப் போச்சுன்னா காலை மறந்துடும். ஒரு வாரம் எங்கயாவது போய் இருங்க. இன்னொரு தடவை விழுந்தா இடுப்பெலும்பு தாங்காது."

கிளம்பும்போதும் வாசலில் நின்று புலம்பினாள். "அந்த இருமல் மருந்துல புள்ளியைப் பார்த்தேனா..."

"அம்மா தாயே! உன் அலுப்பு சலிப்பு எல்லாத்தையும் இங்கயே எறக்கி வச்சுட்டு வா. வீடு பார்த்துக்கட்டும்."

"எறக்கியாச்சு சாமி! பூட்டுங்க."

பூட்டினான். உள்ளே யாரோ பெருமூச்சு விட்டதுபோலிருந்தது. காற்றாயிருக்கும். படியிறங்கும்போது, கைப்பையை யாரோ வாங்கிக்கொண்ட மாதிரி அவளுக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது.

கடலோரம் பாசி பிடித்த பாறையில்கூட அவள் வழுக்கவில்லை. கணவன்தான் விழுந்தான்.

திரும்பி வந்த மாலை, படிக்கட்டில் பெரியவர் கம்போடு வழிமறித்தார். முகம் வெளிறியிருந்தது.

"கோவிச்சுக்காதீங்க ஐயா," அவள் முந்திக்கொண்டாள். "இனிமே சத்தமே வராது. ஒரு வாரம் வீட்டைப் பூட்டிட்டு ஊருக்குப் போய் நல்லா ஓய்வெடுத்துட்டு வரோம்."

கணவன் சாவியை எடுத்தான். பெரியவர் அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அப்ப ஒரு வாரமா மேல விழுந்து விழுந்து, 'யாருங்க தரையைத் துடைச்சது'ன்னு உங்க குரல்லயே கேட்டுக்கிட்டிருக்கறது யாரும்மா?"