கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த உதாரணம்

கஷ்டம் வந்தால் நான் தனியாக மாட்டிக்கொள்வதில்லை. பக்கத்தில் யார் இருக்கிறாரோ அவரையும் இழுத்துவிடுவேன். என் கணவர் கணேசனைக் கேட்டால் மணிக்கணக்காகச் சொல்வார்.

கல்யாணமான புதிது. திருவனந்தபுரத்தில், அரசு வேலைத் தேர்வுக்குப் பயிற்சி தரும் ஒரு நிலையத்தில் ஆங்கில ஆசிரியை வேலைக்கு டெமோ வகுப்பு எடுக்கப் போனேன். அதற்கு முன் இரண்டு இடங்களில் 'சொல்லி அனுப்புகிறோம்' என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இதுவும் போனால் வீட்டில் ஊறுகாய் போடுவதுதான் கதி. (ஊறுகாயும் எனக்குப் போட வராது.) கிழக்கேகோட்டையிலிருந்து ஸ்கூட்டரில் கொண்டுவிட்ட கணேசன், "நான் கடைசி பெஞ்சிலே சும்மா உக்காந்துண்டிருக்கேன். நீ தைரியமா எடு" என்றார்.

உரிமையாளர் சாஜன் சார் இருபது நிமிடம் கொடுத்தார். முடிவில் பாதிப் பேராவது வகுப்பு பிடித்தது என்று கை தூக்கினால் வேலை. தலைப்பு, ஒரே மாதிரி ஒலிக்கும் ஆங்கிலச் சொற்கள். stationary, stationery இரண்டையும் பலகையில் எழுதி, லத்தீன் வேரிலிருந்து ஆரம்பித்தேன். ஐந்தாவது நிமிடத்தில் வகுப்பே கொட்டாவி விட்டது. முன் பெஞ்சுப் பெண் ஒருத்தி பொறுக்க முடியாமல் எழுந்தாள்.

"டீச்சரே, கோட் உண்டோ?"

இந்த ஊர்ப் பயிற்சி வகுப்புகளில் ஆறுகளானாலும் அரசர்களானாலும், மறக்காமலிருக்க ஒரு குறுக்குவழி வாக்கியம் வேண்டும். அதுதான் கோட். என்னிடம் லத்தீன் மட்டுமே இருந்தது. வகுப்பைச் சுற்றிக் கண்ணை ஓட்டினேன். கடைசி பெஞ்சில் என் கணவர், வந்து உட்கார்ந்த அதே நிலையில் சுவரில் சாய்ந்திருந்தார். சனி என் நாக்கில் உட்கார்ந்தது.

"அவிடெ நோக்கு! அது என்டெ பர்த்தாவு. ஞாயறாழ்ச்ச சோபாயில் இருந்நால் அனங்ஙில்லா! அனங்ஙாத்தது 'a'. எழுதான் உள்ளது 'e'!"

அனங்ஙாத்தது என்றால் அசையாதது, அதாவது stationary; எழுதான் உள்ளது என்றால் எழுதுவதற்கானது, அதாவது stationery. தமிழிலும் 'அ', 'எ' இரண்டும் அப்படியே பொருந்தின. இரண்டு மொழியும் சேர்ந்து என்னைக் காப்பாற்றின. மொத்த வகுப்பும் திரும்பிப் பார்த்தது. கணேசன் பதறி எழுந்தார்.

"அய்யோ, சேட்டா, அனங்ஙல்லே!" என்று கத்தினாள் முன் பெஞ்சுப் பெண். பாவம், மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ருசி கண்ட பூனை நிறுத்துமா? இன்னும் பாயசம் வேண்டுமா என்று கேட்டால் இவர் 'எஸ், எஸ்' என்று இரண்டு தடவை சொல்வார், ஆகவே dessert-க்கு இரண்டு s, பாலைவனத்தில் பாயசம் தர ஆளில்லை, அதனால் desert-க்கு ஒன்று போதும் என்றேன். பெஞ்சுகள் குலுங்கின. கை தூக்கச் சொன்னபோது அத்தனை கைகளும் மேலே போயின. கணேசனுடைய கைகள் மட்டும் முகத்தை மூடியிருந்தன.

திரும்பும்போது ஸ்கூட்டரில் கேட்டார்: "என்னைத் தவிர வேற உதாரணமே கிடைக்கல்லியா?"

"கிடைச்சுது. உங்கம்மா."

அவர் ஸ்கூட்டர் கைப்பிடியை ஒரு முறுக்கு முறுக்கினார். எனக்கோ தலைகால் புரியாத சந்தோஷம்.

அந்த ஆண்டுத் தேர்விலேயே stationary, stationery கேள்வி வந்தது. என் மாணவர்கள் இன்று ஊரெல்லாம் அரசு நாற்காலிகளில் இருக்கிறார்கள். போன மாதம் ஒரு சான்றிதழுக்காகக் கணேசன் ஓர் அலுவலகத்துக்குப் போனார். அவர் முறை வந்ததும், மேசைக்குப் பின்னாலிருந்த பெண் அதிகாரி இவர் முகத்தைப் பார்த்துவிட்டுத் துள்ளி எழுந்தார். அதே முன் பெஞ்சுப் பெண்! நாற்காலியை இழுத்துப் போட்டு, "சேட்டன் இவிடெ இரிக்கணம். அனங்ஙருது!" என்று சொல்லிவிட்டு, அலுவலகம் முழுவதையும் கூப்பிட்டு அவரைக் காட்டினாராம்.

வீட்டுக்கு வந்தவர் சோபாவில் நன்றாகச் சாய்ந்துகொண்டு அறிவித்தார்:

"இனிமே என்னை எழுந்திருன்னு சொல்லாதே. நான் சிலபஸ்லே இருக்கேனாக்கும்."